இழை தேய்த்த பல்

ஆரணியில் பாதிப் பேர் வாயில் தேவகி இருக்கிறாள். அவர்களுக்கே இது தெரியாது. முன்பல் விழுந்து, டாக்டரிடம் போய் பிரிட்ஜ் கட்டிக்கொண்டு, அடுத்த முகூர்த்தத்தில் பல் தெரியச் சிரிக்கிறவர்கள் எல்லோரும் டாக்டரின் கைராசியைத்தான் மெச்சுவார்கள். டாக்டர் செய்வது என்னவோ, விழுந்த பல்லுக்கு இரண்டு பக்கமும் நன்றாக நிற்கிற பற்களைக் குச்சி மாதிரி அரைத்து, ரப்பரில் அச்சு எடுத்து, டப்பாவில் போட்டு அனுப்புவதுதான். அந்த அச்சில் கல்மாவு கரைத்து ஊற்றி, வாயை வெளியே எடுத்து, இல்லாத பல்லையும் அரைபட்ட பற்களுக்கான மூடிகளையும் ஒன்றாகச் சேர்த்து மூன்று பல்லாகச் செய்து கொடுப்பவள் தேவகி. ஜவுளிக்கடை மாடியில் தென்னரசு நடத்துகிற பல் லேபில் ஒன்பது வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை.

தேசூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். வயது நாற்பத்து நான்கு. அளந்துதான் பேசுவாள். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவர் கொட்டாவி விட்டால் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், இவள் எட்டிப் பார்ப்பாள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். தேவகிக்கு மனுஷர்களையே அப்படித்தான் பார்க்க வரும். தொழில் அப்படி.

லேபுக்குள் புதிதாக நுழைகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்றுவிடுவார்கள். சுவர் முழுக்கப் பலகை, பலகை முழுக்க வாய்கள். மஞ்சள் வாய், வெள்ளை வாய், நாலு பல் மிஞ்சிய கிழவாய், பதினெட்டு வயசுப் பெண்ணின் வாய். முகம் கிடையாது, கண் கிடையாது, வாய் மட்டும். அடுத்த தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருக்கும் வரையில் ஒன்றும் தோன்றாது. மத்தியானம் கரண்ட் போய்த் தறிச்சத்தம் சட்டென்று நின்றதும், அத்தனை வாயும் எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்ட மாதிரி இருக்கும். சேர்ந்த புதிதில் தேவகி அந்த நேரத்தில் படிக்கட்டுக்கு வந்து நின்றுகொள்வாள்.

"அதுங்க ஒண்ணும் பேசாது, தேவகிம்மா," என்பார் தென்னரசு. "பேசுற வாயெல்லாம் தெருவுல இருக்குது. அதுக்குத்தான் பயப்படணும்."

அவர் சொன்னது சரிதான். தெருவாயைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் இந்த வேலைக்கு வந்ததே புருஷன் செத்துப்போன பிறகுதான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு, ஐப்பசி அடைமழை விட்டிருந்த ஒரு நாள், அவள் புருஷன் உதயா காலையில் தறிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. கூலிக்குப் பட்டு நெய்கிறவன். சாதி விட்டுக் கட்டிக்கொண்ட கல்யாணம் என்பதால் இரண்டு பக்கத்து வீட்டாரும் வாசல் மிதிப்பதில்லை. பிள்ளையும் இல்லை. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, அவன் இல்லாத வீட்டில் தேவகி தனியாக நாலு நாள் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் காலையில் ஒரு போலீஸ்காரர் வந்து, ஊருக்கு வெளியே ஏரியில் ஆள் ஒருத்தர் மிதக்கிறதாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்.

கரையில் பாய் விரித்துக் கிடத்தியிருந்தார்கள். நாலு நாள் தண்ணீரில் ஊறிய உடம்பு. முகம் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. மீன்கள் தின்றது போக இருந்தது. சட்டை மட்டும் உதயாவுடையது, முந்தைய தீபாவளிக்கு அவள் எடுத்துக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை.

"இந்த மாதிரி சட்டை ஊர்ல நூறு பேரு போட்டுகினு திரியறான்," என்றார் போலீஸ்காரர். "வேற அடையாளம் எதனா இருந்தா சொல்லும்மா."

தேவகிக்கு ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. "மேல் முன்பல்லுல ஒரு வெட்டு இருக்கும்," என்றாள். உதயா சிரிக்கும்போது, வலப்பக்க முன்பல்லின் அடியில் அரைநெல் அளவுக்கு ஒரு பள்ளம் தெரியும். அதில் விரல் நுனியை வைத்து விளையாடியிருக்கிறாள் அவள்.

போலீஸ்காரர் கையுறை போட்ட விரலால் மிச்சமிருந்த உதட்டைத் தூக்கிக் காட்டினார். முன்பல்லில் வெட்டு இருந்தது. தேவகி கண்ணை மூடிக்கொண்டு, "அவருதான்," என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் நடந்து முடிந்தது. உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காத பங்காளிகள் மேளத்தோடு வந்தார்கள். உதயாவின் தம்பி கொள்ளி வைத்தான். தேவகியின் நெற்றியைத் துடைத்தார்கள். முகத்தை மூடிக் கட்டியிருந்ததால் வேறு யாரும் பிணத்தின் வாயைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், அந்த வெட்டைப் பற்றி யாராவது ஒரு நெசவாளி அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். அவளுக்குச் சொல்ல ஆளில்லாமல் போனதுதான் வினை.

லேபில் சேர்ந்து மூன்றாவது மாதம், கல்மாவு இறுகிவிட்டதா என்று நகத்தால் தட்டிப் பார்த்து, அச்சிலிருந்து ஒரு வாயை உருவி எடுத்தாள். மேல் முன்பல்லில் அந்த வெட்டு இருந்தது. அதே இடம், அதே அளவு. கையிலிருந்து நழுவி மேஜையில் விழுந்து, மூலை உடைந்தது.

டப்பாவில் இருந்த சீட்டில் ரங்கசாமி, வயது அறுபத்தொன்று என்று எழுதியிருந்தது.

"சார், இந்தப் பல்லுல இன்னா இது?" என்று கேட்டாள்.

தென்னரசு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இதுவா? நெசவுக்காரங்க பல்லும்மா. இழை அறுந்தா முடிச்சு போட்டுட்டு மிச்சத்தப் பல்லாலதான் கடிச்சித் துப்புவாங்க. இருவது வருஷம் பட்டும் ஜரிகையும் ஒரே எடத்துல கடிச்சா பல்லு தேயாம இன்னா பண்ணும்? இந்த ஊர்ல தெருவுக்குப் பாதி பேருக்கு இருக்கும்." அப்புறம் சிரித்துக்கொண்டே, "உன் வூட்டுக்காரரும் தறிக்காரருதான, உனக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரியும் சார்," என்றாள் தேவகி.

தெரியாது. பதினோரு வருஷம் நெசவாளர் தெருவில் குடியிருந்தும் தெரியாது. வெற்றிலைக் காவி ஏறிய பல்லில் அந்தச் சிறு பள்ளம் தெரிய வேண்டுமென்றால் முகத்தோடு முகம் நெருங்க வேண்டும். அவள் அப்படி நெருங்கிய முகம் ஒன்றே ஒன்று. ஏர் பிடிக்கிற வீட்டில் பிறந்தவள், அந்த வெட்டு தன் புருஷனுக்கு மட்டும் கடவுள் போட்ட அடையாளம் என்று நினைத்திருந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போகும்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்து, நடுத்தெருவில் நின்றுவிட்டாள். உதயாவுக்கு மேலே இடதுபக்கக் கோரைப்பல் திரும்பியிருக்கும், பாதி சாத்திய கதவு போல. ஏரிக்கரையில் உதட்டைத் தூக்கியபோது இரண்டு பல் தள்ளிப் பார்த்திருந்தால் போதும். அதைப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. வெட்டைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்படியானால் எரித்தது யாரை?

இந்தக் கேள்வியை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது. புருஷன் செத்துப்போனான் என்றால் ஊர் பரிதாபப்படும். ஓடிப்போனான் என்றால் ஊர் சிரிக்கும். சாதியை விட்டுத் தன்னை நம்பி வந்தவளை அவன் விட்டுவிட்டுப் போனான் என்று பேச வைப்பதைவிட, நெற்றியை வெறுமையாக வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. அவள் தன் வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் வாய்கள் வந்துகொண்டே இருந்தன. மூன்று மாதத்துக்கு ஒன்றாவது வெட்டோடு வரும். வேலை முடிந்த மாடல்களை ஆறு மாதம் வைத்திருந்து குப்பையில் கொட்டிவிடுவது லேபின் வழக்கம். வெட்டுள்ளவற்றை மட்டும் தேவகி கொட்ட மாட்டாள். மேஜைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வைப்பாள். தென்னரசு சாப்பிடப் போனதும் பெட்டியை இழுத்து ஒவ்வொன்றாக எடுத்து இடதுபக்கக் கோரைப்பல்லைத் தடவிப் பார்ப்பாள். கல்லுக்குள்ளிருந்து ஒரு பல் என்றைக்காவது திரும்பிவிடும் என்பது மாதிரித் தடவுவாள். செத்தவன் பல் கட்டிக்கொள்ள வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் தேடினாள். பெட்டியில் முப்பத்தேழு வாய் சேர்ந்தது. முப்பத்தேழிலும் கோரைப்பல் நேராகத்தான் இருந்தது.

சில நாள் அவளுக்கு வேறு மாதிரியும் தோன்றும். உதயாவைத் தேடுகிறோமா, அல்லது அந்தப் பாயில் கிடந்தவன் தன்னைத் தேடிக்கொண்டு ஒவ்வொரு வாயாக ஏறி வந்துகொண்டிருக்கிறானா என்று. அப்படித் தோன்றிய நாட்களில் பெட்டியைக் காலால் உள்ளே தள்ளிவிடுவாள்.

இந்த ஆடி மாதம் செய்யாறிலிருந்து ஒரு டப்பா வந்தது. அங்கே டாக்டர் கீதா புதிதாக கிளினிக் வைத்திருக்கிறாள். டப்பாவில் மேல்வாய்க்கு இரண்டு அச்சு, அரைப்பதற்கு முன்பு எடுத்தது ஒன்று, அரைத்த பிறகு எடுத்தது ஒன்று. கூடவே கீழ்வாய்க்கு ஒன்று. மேலே இடது முன்பல் போயிருந்தது. சீட்டில் சந்தோஷ், வயது நாற்பத்தெட்டு, கம்பெனி கேன்டீன் என்று எழுதி, கீழே, "வலது முன்பல்லில் தேய்மானம் உள்ளது, பேஷன்ட் அது இல்லாமல் வேண்டும் என்கிறார்," என்று குறிப்பு.

தேவகி மூன்றிலும் மாவு ஊற்றி வைத்தாள். அரைப்பதற்கு முந்தைய வாயை முதலில் உருவினாள். வெட்டு இருந்தது. கட்டை விரல் தானாகவே இரண்டு பல் தள்ளி நகர்ந்தது. கோரைப்பல் பாதி சாத்திய கதவாகத் திரும்பி நின்றது.

கீழ்வாயையும் எடுத்தாள். முன்னால் இரண்டு பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன, உதயாவுக்கு ஏறியிருந்தது போலவே. மேல்வாயையும் கீழ்வாயையும் சேர்த்தாள். டக்கென்று பொருந்தியது. கையில் உதயாவின் வாய் மூடிக்கொண்டிருந்தது. இறுகும்போது கல்மாவுக்குக் கொஞ்சம் சூடு உண்டு. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. கட்டினவளுக்கு அது யார் வாய் என்று சீட்டு பார்த்துத் தெரிய வேண்டியதில்லை.

கரண்ட் போனது. தறிகள் நின்றன. தேவகி படிக்கட்டுக்குப் போகவில்லை.

மூன்றாம் நாள் டாக்டர் கீதா போன் செய்தாள். அந்தப் பேஷன்டின் பல் நிறம் எந்த நிற அட்டையிலும் சேரவில்லை, புகையிலைக் கறை வேறு, லேபிலிருந்து யாராவது நேரில் வந்து பார்த்தால் நல்லது என்றாள். வழக்கமாக இதற்குத் தென்னரசுதான் போவார்.

"நான் போறேன் சார்," என்றாள் தேவகி.

"நீயா? வெயில்ல பஸ்ஸுல பேஜாரா இருக்கும்மா."

"பரவால்ல சார். ஜல்தியா வந்துடுவேன்."

செய்யாறு பஸ்ஸில் கம்பெனி ஷிப்டுக்குப் போகிற பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். தேவகி யார் வாயையும் பார்க்கவில்லை.

கிளினிக் நாற்காலியில் அவன் சாய்ந்து படுத்திருந்தான். தலை நரைத்து, உடம்பு இளைத்து, கண்ணுக்குக் கீழே பை விழுந்திருந்தது. தெருவில் பார்த்திருந்தால் அவளே தாண்டிப் போயிருப்பாள். தேவகி மாஸ்க் போட்டிருந்தாள், தலைக்குத் துணிக்குல்லாய். அவனுக்கு அவளைத் தெரியவில்லை.

"அக்கா, நீங்க கலர் பாத்துகினு இருங்க," என்றாள் கீதா. "பக்கத்து ரூம்ல பல்லு புடுங்க ஊசி போட்டவருக்கு மரத்திருக்கும். முடிச்சிட்டு வந்துடறேன்."

கதவு சாத்திக்கொண்டது.

"வாயத் தொறங்க," என்றாள் தேவகி.

திறந்தான். கையுறை போட்ட விரலால் அவன் மேலுதட்டைத் தூக்கினாள். அன்றைக்கு ஏரிக்கரையில் போலீஸ்காரர் தூக்கிய மாதிரியே தூக்கினாள். முன்னால் போட்டிருந்த தற்காலிகப் பல்லைத் தாண்டி, அன்றைக்குப் பார்க்காமல் விட்டதைப் பார்த்தாள். விரலில் சூடாக மூச்சு பட்டது. தான் நெற்றியை அழித்துக்கொண்டு எரித்த பிணம் மூச்சு விடுகிறது என்று நினைத்தாள். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் மாஸ்க்கை இறக்கினாள்.

அவன் வாய் திறந்தபடியே இருந்தது. மூட மறந்துவிட்டான்.

"ஏரியில மிதந்தது யாரு?" என்று கேட்டாள் தேவகி.

ஏன் போனாய் என்று கேட்கவில்லை. எப்படி இருக்கிறாய் என்றும் கேட்கவில்லை. ஒன்பது வருஷத்தில் மற்ற கேள்விகள் எல்லாம் தேய்ந்து இது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

"பாலமுருகன்," என்றான் உதயா. குரல் மட்டும் மாறவில்லை. "களம்பூர்க்காரன். எனக்கு அடுத்த தறியில நெய்ஞ்சிகினு இருந்தான். வாரத்துக்கு ஒரு தபா ஊருக்குப் போவான். நீ பாத்திருக்க மாட்ட."

"சட்டை?"

"மத்தியானம் ரெண்டு பேரும் ஏரிக்கரைக்குப் போய்க் குடிச்சோம். அவன் சட்டையெல்லாம் வாந்தி எடுத்துட்டான். என்னுத கழட்டிப் போட்டுவிட்டேன். நான் அப்படியே தூங்கிட்டேன். முழிச்சிப் பாத்தா அவன் செருப்பு மட்டும் கரையில கெடக்குது. முந்தின நாளுதான் தறிக்கூடத்துல எல்லார் எதிர்லயும் அவன அடிச்சிருந்தேன். என் மேலதான் வரும்னு பயம். ஓடிட்டேன்."

"அப்பால?"

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மனசு கேக்கல. நாலஞ்சு நாள் கழிச்சி, உன்கிட்ட சொல்லிட்டு ஸ்டேஷனுக்குப் போயிடலாம்னுதான் திரும்பி வந்தேன். தெருமுனைக்கு வந்தா மேளச்சத்தம். நம்ம வூட்டு வாசல்ல பாடை கட்டறாங்க. மாலை வாங்க ஒருத்தரு ஓடிகினு இருந்தாரு. யாருங்கன்னு கேட்டேன். உதயான்னாரு. என் மூஞ்சியக்கூட பாக்கல அவரு."

தேவகி பிடித்திருந்த நாற்காலியின் கையை விட்டாள்.

"என்னத் தூக்கிகினு போனாங்க. தலையில துண்டப் போட்டுகினு நானும் பின்னாலயே சுடுகாடு வரிக்கும் நடந்தேன். என் தம்பி கொள்ளி வெச்சான். என்கூட பத்து வருஷமா பேசாதவன், தரையில பொரண்டு அழுதான். அதப் பாத்துகினு நின்னேன். அதுக்கு மேல எப்படி வந்து நான் இருக்கேன்னு சொல்றது? போயிட்டேன். செத்தவன யாரும் தேட மாட்டாங்க, தேவகி. அது ஒரு நிம்மதி."

"அந்த ஆளுக்குப் பொண்டாட்டி இல்லியா?"

"இருக்குது. கிருஷ்ணம்மா. ரைஸ் மில்லுல வேலை. அடி வாங்கின ரோஷத்துல அவன் எங்கியோ போயிட்டான்னு தறிக்கூடத்துல நெனச்சிகினாங்களாம். ஒரு தபா களம்பூர் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். பஸ்ஸுக்கு நிக்கிறவங்க எல்லார்கிட்டயும் ஒரு போட்டோவக் காட்டிகினு வந்துச்சி. என்கிட்டயும் காட்டி, இவர எங்கியாவது பாத்தீங்களான்னு கேட்டுச்சி."

"நீ இன்னா சொன்ன?"

கல்யாணமான நாளிலிருந்து அவனை நீங்க என்றுதான் சொல்லியிருக்கிறாள். நீ என்றது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்குமே அது கேட்டது.

"பாக்கலன்னு சொன்னேன்," என்றான்.

தேவகி மாஸ்க்கை ஏற்றிக் காதில் மாட்டினாள். நிற அட்டையை எடுத்தாள். "வாயத் தொறங்க," என்றாள். அவன் எழுந்திருக்கப் பார்த்தான். அவள் உதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அட்டையில் இருந்த பற்களை ஒவ்வொன்றாக அவன் பல்லோரம் வைத்துப் பார்த்து, நிதானமாகச் சீட்டில் குறித்தாள். அவன் தொண்டைக்குள் என்னவோ சொன்னான். சொல்லிவிடுவாயா என்று கேட்டிருக்கலாம், மன்னித்துவிடு என்றும் சொல்லியிருக்கலாம். உதட்டைப் பிடித்த விரலை அவள் எடுக்கவில்லை.

"கலர் செட் ஆச்சா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே கீதா வந்தாள்.

"ஆச்சு மேடம்."

அந்தப் பிரிட்ஜை அவளே செய்தாள். தென்னரசு செய்யட்டும் என்று விட்டிருக்கலாம், விடவில்லை. பீங்கான் மாவைக் குழைத்து அப்பி, சூளையில் வைத்து, எடுத்துத் தேய்த்து, புகையிலைக் கறைக்குச் சாயம் கொடுத்து, வெட்டு இல்லாத முன்பல்லாகவே செய்து அனுப்பினாள். வெட்டு வேண்டாம் என்றவன் அவன். டாக்டர் பாதியை அரைத்துவிட்டாள், மீதியைத் தேவகி மூடிவிட்டாள். இனி அவன் எங்கே வாயைத் திறந்தாலும் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. அரைப்பதற்கு முந்தைய மாடல் ஒன்றுதான் மிச்சம். அதைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். போலீஸுக்குப் போகத்தான் போகிறாள். அதற்கு முன்னால் போக வேண்டிய இடம் ஒன்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கு விடுமுறை. களம்பூரில் மில்லுக்குப் பின்னால் உமித்தூசி படிந்த ஓட்டுவீடுகளின் வரிசையில், கேட்டதும் காட்டிவிட்டார்கள். "போட்டோ காட்டுமே, அந்தம்மாதான?" என்றார்கள்.

கிருஷ்ணம்மாள் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். தேவகியைவிட நாலைந்து வயது சிறியவள். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், தலையில் ஒரு முழம் பூ. அதைப் பார்த்ததும் தேவகிக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. தன் நெற்றிக்குத் திரும்பி வருகிற பொட்டை, இங்கே இவள் நெற்றியிலிருந்துதான் அழித்து எடுக்க வேண்டும். அதைவிடக் கேவலமான வேலை எதுவும் அவள் செய்ததில்லை. சொல்லாமல் போனால் இந்தப் பெண் நாளைக்கும் பஸ் ஸ்டாண்டில் நிற்பாள். தேவகியின் சந்தேகத்துக்கும் ஒன்பது வயது. முதல் வருஷமே அவள் வாயைத் திறந்திருந்தால் இவள் இத்தனை நாள் நின்றிருக்க வேண்டாம். இதில் உதயாவை மட்டும் திட்டித் தப்பிக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"யாரும்மா நீங்க?" என்றாள் கிருஷ்ணம்மாள்.

"ஆரணியிலேர்ந்து வரேன். பேரு தேவகி." எதிரே தரையில் உட்கார்ந்தாள். "உங்க வூட்டுக்காரரு போட்டோவ ஒருவாட்டி காட்டறீங்களா?"

உள்ளே போய் எடுத்து வந்தாள். ஓரமெல்லாம் கசங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்ட படம். பாலமுருகன் வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தான். வலப்பக்க முன்பல்லில் வெட்டு இருந்தது. கோரைப்பல் நேராக இருந்தது. அந்த முகத்தை அன்றைக்குத்தான் தேவகி முதல் தடவையாகப் பார்த்தாள்.

ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ஏரி, சட்டை, பல், தான் சொன்ன ஒற்றை வார்த்தை, லேபில் வந்த வாய்கள், தான் வாயை மூடிக்கொண்ட வருஷங்கள், செய்யாறு. கிருஷ்ணம்மாள் முறத்தைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. மாரில் அடித்துக்கொள்ளவில்லை. கை வைத்து அடிப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் தேவகி வந்திருந்தாள்; அடித்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"கொள்ளி வெச்சாங்களா?" என்று கேட்டாள் கடைசியில்.

"வெச்சாங்க. என் கொழுந்தன் வெச்சான்."

"அழுதாங்களா?"

"எல்லாரும் அழுதோம். நானும் அழுதேன்."

கிருஷ்ணம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள். அனாதையாகப் போகவில்லை என்று மனசுக்குள் ஒரு கணக்கை முடித்துக்கொள்வது தெரிந்தது. பிறகு கேட்டாள், "வருஷா வருஷம் எதனா படைச்சீங்களா?"

"படைச்சேன். ஒரு வருஷம்கூட உடல."

"இன்னா வெச்சிப் படைப்பீங்க?"

"சோறு, சாம்பார், வடை, பாயாசம். கத்திரிக்கா வறுவல் முக்கியமா வெப்பேன். எங்க வூட்டுக்காரருக்குக் கத்திரிக்கான்னா உசுரு."

கிருஷ்ணம்மாளின் கையில் முறம் சாய்ந்து அரிசி மடியில் கொட்டியது.

"அவருக்குக் கத்திரிக்கா ஆவாதுங்க," என்றாள். "வாயில வெச்சாலே ஒடம்பெல்லாம் தடிச்சிக்கும். ஒம்போது வருஷமா அதையா போட்டீங்க அவருக்கு?"

சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.